தெற்குக் காற்று

ஓய்வு பெற்ற நாலாம் மாதம்
மூக்கு திரும்பி வந்தது.

முதலில் தெரிந்தது நல்ல வாசனை ஒன்றும் இல்லை.
ஃபிரிட்ஜுக்குப் பின்னால் எலி செத்துக் கிடந்தது.
"ஏதோ நாறுது" என்றேன்.
தையல்நாயகி கரண்டியோடு திரும்பினாள்,
சுவர் பேசக் கேட்டவள் போல.

முப்பத்தோரு வருஷம் சிப்காட்டில்.
சேர்ந்த முதல் வாரம் வாந்தி.
இரண்டாம் வாரம் தலைவலி.
மூன்றாம் வாரத்திலிருந்து ஒன்றும் இல்லை.
பழகிடுச்சு என்று முதுகில் தட்டினார்கள்.
பழகியது நானா, செத்தது மூக்கா
யாரும் பிரித்துப் பார்க்கவில்லை.
அப்புறம் என் மகள் தலையில் வைத்த மல்லி
எனக்கு வெறும் வெள்ளை.

இப்போது
பண்ருட்டி பஸ் வளைவில் திரும்பும்போதே
உள்ளே பலாப்பழம் இருக்கிறதா சொல்லிவிடுவேன்.
உப்பனாற்றில் ஏத்தமா வத்தமா
படுத்தபடியே தெரியும்.
பக்கத்து வீட்டு மைமூனா வெந்தயத்தைக் கருகவிட்டால்
சுவரைத் தட்டுகிறேன்.

வேறு வேலை இல்லை, அதுதான் சிக்கல்.
பத்து மணிக்குப் பேப்பர் முடிந்துவிடுகிறது.
பதினொன்றரைக்கு மறுபடி அதே பேப்பர்.
இரண்டாம் ஷிஃப்ட் நேரத்துக்குக்
கை தானாக டிபன் பாக்ஸைத் தேடுகிறது.
"எங்கயாச்சும் போய்ட்டு வாங்க,
நான் குழம்பு வைக்கிறதையே பாக்காதீங்க"
என்கிறாள்.

போன வாரம் மேனேஜர் ஜெயசீலன் வந்தார்.
ஒரு கிலோ ஆப்பிள், ஒரு கடிதம்.
ஒப்பந்த அடிப்படை.
பழைய சம்பளத்தில் பாதிக்குக் கொஞ்சம் மேலே.
பி.எஃப். கிடையாது. நைட் ஷிஃப்டும் கிடையாது.
"பசங்களுக்கு ஏழாம் நம்பர் வால்வு பிடிபடலண்ணே."

ஏழாம் நம்பர்.
முழுசாகத் திறந்து கால் சுற்று பின்வாங்க வேண்டும்,
இல்லையென்றால் அடுத்த ஷிஃப்டில் சிக்கும்.
எந்தப் புத்தகத்திலும் இல்லை,
என் மணிக்கட்டில் இருக்கிறது.
சொல்ல வெட்கம்தான்:
அன்றிரவு நன்றாகத் தூங்கினேன்.

கடிதம் அரிசி டப்பா மேல் கிடக்கிறது.
கையெழுத்துக்குக் கீழே
என் பெயர் கலியபெருமாள் என்றிருக்கிறது.
நான் கலியமூர்த்தி.
முப்பத்தோரு வருஷம்.

நேற்று மொட்டை மாடியில் பாய் விரித்திருந்தேன்.
காற்று தெற்கிலிருந்து திரும்பியது.
அழுகின கொய்யா மாதிரி ஒரு தித்திப்பு,
அடியில் காசு நக்கின கசப்பு.
எழுந்து உட்கார்ந்தேன்.
முதல் வாரம் என்னை வாந்தியெடுக்க வைத்தவன்.
இவ்வளவு காலம் பக்கத்திலேயே நின்றோம்,
இப்போதுதான் மறுபடி முகம் தெரிகிறது.
மூன்றாம் டேங்க்.

கண்ட்ரோல் ரூமுக்குப் போன் போட்டேன்.
இளம்பரிதி எடுத்தான், சேர்ந்து மூன்று மாதம்.
"மூணாவது டேங்க், பம்ப் கிளாண்டைப் பாரு."
பூட்ஸ் சத்தம் போயிற்று, திரும்பி வந்தது.
"இங்க ஒண்ணும் வாசன வரலியே சார்."
"மூக்க நம்பாதடா.
கிளவுஸ் மாட்டிக்கிட்டுத் தொட்டுப் பாரு."
இந்தத் தடவை
வெகுநேரம் பூட்ஸ் சத்தமே இல்லை.
அப்புறம்,
"ஈரமா இருக்கு சார்."

உள்ளே போனால்
மூன்று வாரத்தில் நானும் அவனும் ஒன்று.
வெளியே இருந்தால்
ஐப்பசி வரைக்கும்தான்.
அதற்குமேல் வாடை பிடித்துவிடும்,
எல்லாம் தெற்கே போகும்,
என் மாடிக்குக் கடல் மட்டும் வரும்.
அங்கே சுற்றிலும் இருப்பவர்களுக்கும்
பழகித்தான் போயிருக்கும்.

கீழே இறங்கினேன்.
தையல்நாயகி புரண்டு படுத்தாள்,
சீயக்காயும் வியர்வையும்.
"போகப் போறீங்களா?"
"தெரியல. தூங்கு."

விளக்கைப் போட்டுக் கடிதத்தை எடுத்தேன்.
'பெருமாள்' மேல் ஒரு கோடு.
பக்கத்தில் 'மூர்த்தி' என்று எழுதினேன்,
கொஞ்சம் பெரிய எழுத்தில்.
அதற்கு மேலே இருந்த இடத்தில்
இன்னும் ஒன்றும் எழுதவில்லை.